தோஃப் தேடி ஒரு பயணம்

ஞாயிறு, ஹைஃபா

விவிலியத்தில் வரும் ஒரு கைப்பறைக்காகவே இந்தப் பயணம். எபிரேயத்தில் அதன் பெயர் தோஃப், பன்மையில் துப்பீம். மரவளையத்தில் தோலை இழுத்துக் கட்டி, ஒரு கையில் பிடித்து மறு கையால் அடிக்கும் கருவி. தமிழ் வேதாகமத்தில் ‘தம்புரு’ என்று படிக்கிற பல இடங்களில் மூலத்தில் இருப்பது இதுதான். நான் கஞ்சிரா வாசிப்பவன். ஒரே ஒரு தோலை வைத்துக்கொண்டு ஒரு கையால் பேச வைக்கும் கருவி உலகத்தில் எங்கே இருந்தாலும் போய்ப் பார்க்கத் தோன்றும்.

பார்க்கத் தோன்றும் என்கிறேனே தவிர, பார்க்க ஒரு தோஃப் கூட மிச்சமில்லை. மரமும் தோலும் மண்ணில் தாங்காது. மிச்சமிருப்பவை இரண்டு. ஒன்று எழுத்து. இன்னொன்று, அந்தப் பறையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சுடுமண் பெண்கள். விரல் நீளம், கை நீளம் என்று சின்னச் சின்ன உருவங்கள். அவை கிடைத்த ஊர்கள் சிலவற்றுக்காவது போவது என்று கிளம்பியிருக்கிறேன்.

இன்று ஷிக்மோனா. ஹைஃபாவின் தெற்குக் கடற்கரையில், கார்மேல் மலை கடலைத் தொடும் இடத்தில் ஒரு மேடு. இரும்புக் காலத்தில் இங்கே கடல் நத்தையிலிருந்து ஊதாச் சாயம் எடுத்திருக்கிறார்கள். சாயம் படிந்த பானை ஓடுகளே கிடைத்திருக்கின்றன. அதே மண்ணிலிருந்துதான் பறையடிக்கும் பெண் உருவம் ஒன்றும் வந்தது. சாயப்பட்டறை நாற்றத்துக்கு நடுவில் யாரோ ஒருத்தி அதை வீட்டில் வைத்திருக்கிறாள்.

அலை பாறையில் அடிப்பதைப் பார்த்தபடி யாத்திராகமம் 15-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். எகிப்திலிருந்து தப்பிய இஸ்ரவேலர் கடலைக் கடந்ததும் மோசேயின் அக்கா மிரியாம் தோஃபைக் கையில் எடுக்கிறாள். பெண்கள் எல்லோரும் துப்பீமோடும் ஆட்டத்தோடும் அவள் பின்னால் வருகிறார்கள். இங்கே யூத உரையாசிரியர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். பாலைவனத்தில் இவர்களுக்குப் பறை எங்கிருந்து வந்தது? 11-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி, பழைய மரபை ஒட்டிப் பதில் தருகிறார்: கடவுள் அற்புதம் செய்வார் என்று அந்தப் பெண்கள் உறுதியாக நம்பியிருந்தார்கள், அதனால் எகிப்திலிருந்தே பறையை எடுத்து வந்தார்கள். இதை 12-ஆம் அதிகாரத்தோடு சேர்த்துப் படித்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அவ்வளவு அவசரமான புறப்பாடு, பிசைந்த மாவு புளிக்கக்கூட நேரமில்லை. அந்த அவசரத்திலும் பறையை மறக்காமல் எடுத்திருக்கிறார்கள்.

திங்கள், மெகிதோ

பேருந்தில் மெகிதோ சந்திப்பு வரை வந்து, அங்கிருந்து நடை. மேட்டின் மேல் நின்றால் யெஸ்ரயேல் சமவெளி முழுக்கப் பச்சை. மார்ச் மாதத்தில் வந்தது நல்லதாகப் போயிற்று.

சிகாகோ கீழ்த்திசை ஆய்வகத்தார் 1925 முதல் 1939 வரை இங்கே தோண்டினார்கள். மார்பின் மேல் ஒரு வட்டைப் பிடித்த பெண் உருவங்கள் பல வெளிவந்தன. தென்கிழக்கே கொஞ்ச தூரத்தில் தானாக்கு. அங்கே 1963-இல் பால் லாப் என்ற அகழாய்வாளருக்கு உருவத்துக்குப் பதில் அச்சே கிடைத்தது. களிமண்ணை அழுத்தினால் வட்டைப் பிடித்த பெண் வருவாள். அச்சு செய்து வார்க்கிற அளவுக்கு இந்தப் பெண்ணுக்குத் தேவை இருந்திருக்கிறது.

ஆனால் அந்த வட்டு என்ன? இதில்தான் சண்டை. பறை என்பார்கள், அப்பம் என்பார்கள், சூரிய வட்டு என்பார்கள், தட்டு என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் கேரல் மேயர்ஸ் இந்தக் குழப்பத்தை நன்றாகப் பிரித்துக் காட்டியவர். அச்சில் அழுத்திய தட்டை உருவங்களில் வட்டு மார்போடு ஒட்டிக் கிடக்கிறது. அதைப் பறை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இன்னொரு வகை உண்டு. மணிபோல விரிந்த பாவாடை, தனியாக நிற்கும் உடல், வட்டு உடம்புக்குக் குறுக்காகத் துருத்திக்கொண்டு நிற்கும். அப்படி ஒரு அப்பத்தையோ தட்டையோ யாரும் பிடிக்க மாட்டார்கள். அவள் பறையடிக்கிறாள். நகையில்லாத, அலங்காரமில்லாத சாதாரணப் பெண். தெய்வம் இல்லை.

மெகிதோவின் நிலத்தடி நீர்ச்சுரங்கத்தில் இறங்கி ஏறியதில் முட்டி விட்டுவிட்டது. மீதி நாளை.

செவ்வாய், எருசலேம்

இஸ்ரேல் அருங்காட்சியகம். தொல்லியல் பகுதியில் காலையிலிருந்து மதியம் சாப்பாட்டை விட்டுவிட்டு நின்றேன்.

முதலில் அஸ்தோத் நகரத்துப் பீடம். இஸ்ரவேலரின் எதிரிகளான பெலிஸ்தர்களுடையது, கி.மு. 10-ஆம் நூற்றாண்டை ஒட்டியது. சுடுமண் உருளையைச் சுற்றி வாத்தியக்காரர்கள்: இரட்டைக் குழல், தாளம், யாழ் மாதிரி ஒன்று, அப்புறம் தோல் வட்டு. மூக்கு பெரிசாக, கண் முட்டையாக, அவசரமாகக் கிள்ளி ஒட்டிய முகங்கள். ஆனால் வாத்தியம் பிடிக்கும் விதத்தை மட்டும் கவனமாகச் செய்திருக்கிறான் அந்தக் குயவன். தீர்க்கதரிசிகளின் கூட்டம் ஒன்று மலைமேட்டிலிருந்து இறங்கி வருவதை 1 சாமுவேல் 10-இல் படிப்போமே, நேவெல் என்ற பெரிய யாழ், தோஃப், ஹலீல் என்ற குழல், கின்னோர் என்ற சிறிய யாழ் முன்னே வர. கிட்டத்தட்ட அதே கூட்டணி. எதிரி ஊர்க் களிமண்ணில் அப்படியே நிற்கிறது.

அடுத்து, வடக்குக் கடற்கரை அக்ஸீவில் கல்லறைகளிலிருந்து எடுத்த பெனீசியப் பெண். இவளிடம்தான் நேரம் போனது. இடது கை வளையத்தைக் கீழிருந்து தாங்குகிறது. வலது உள்ளங்கை தோல் மேல் தட்டையாக விழுந்திருக்கிறது, விரல்கள் சேர்ந்தபடி. கஞ்சிராக்காரன் கண்ணுக்கு இது உடனே ஒரு சேதி சொல்லும். விரல் நுனியால் தட்டினால் மிச்சக் கை உயர்ந்து நிற்கும். இங்கே கை முழுக்கப் படிந்திருப்பதால் அது மூடிய அடி, ஓசை நீளாமல் அங்கேயே நிற்கும் அடி. கூட்டத்தை நடக்கவும் ஆடவும் வைக்க அதுதான் வேண்டும். களிமண்ணில் விரல் பிரிக்கச் சோம்பல் பட்டிருக்கலாம் என்று வாதிடலாம். நான் அந்தக் கையை நம்புகிறேன்.

வளையத்தைச் சுற்றி ஒரு சலங்கையும் இல்லை. நான் பார்த்த எந்த இரும்புக் கால உருவத்திலும் இல்லை. தேவாலய ஓவியங்களில் மிரியாம் பிடித்திருக்கும் தகடு கட்டிய டாம்பரின் பிற்காலத்துச் சரக்கு. அவள் கையில் இருந்தது வெறும் தோல், வெறும் அடி.

மாலையில் யாஃபோ சாலைப் பக்கம் ஒரு இசைக்கருவிக் கடையில் தோஃப் கேட்டேன். இன்றைய எபிரேயத்தில் தோஃப் என்றால் எந்த முரசும்தான், அதனால் எந்த தோஃப் என்று திருப்பிக் கேட்டார். கையில் பிடிப்பது என்றதும் ‘தோஃப் மிரியாம்’ என்று சொல்லி எடுத்து வைத்தார். சலங்கை வைத்த டாம்பரின், பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மூவாயிரம் வருடத்துக் கதையில் வரும் ஒரு பெண்ணின் பெயர் கடையில் விலைக்கு இருக்கிற சாமானில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு அது பெரிய சந்தோஷம்.

அரபியில் இதே கருவி துஃப். எபிரேயச் சொல்லும் அரபுச் சொல்லும் ஒரே வேர். நாகூரில் பக்கிர்கள் அடித்துப் பாடும் தப்ஸ் இந்த அரபுக் கருவி கடல் தாண்டி வந்ததுதான். நம்ம ஊர்த் தப்புக்கும் இதற்கும் உறவு உண்டா என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தீர்கள். அதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. தோலைத் தட்டினால் எந்த ஊரிலும் ‘தப்’ என்றுதான் கேட்கும்.

புதன், ஏலா பள்ளத்தாக்கு

தாவீது கோலியாத்தை வீழ்த்திய இடம். பெத் ஷெமேஷ் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. சோகோ மேட்டில் நீல லூபின் பூக்கள் மலையையே மூடியிருக்கின்றன. பார்க்கக் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஓடையில் வழவழப்பான கூழாங்கல் பொறுக்காத சுற்றுலாப் பயணி கிடையாது.

நான் வந்தது கல்லுக்காக இல்லை, அதற்கு அடுத்து நடந்ததற்காக. சண்டை முடிந்து படை மேட்டு ஊர்களுக்குத் திரும்புகிறது. இஸ்ரவேலின் எல்லா ஊர்களிலிருந்தும் பெண்கள் துப்பீமோடு சவுல் ராஜாவை எதிர்கொண்டு வருகிறார்கள். ஆடிக்கொண்டே முறைமுறையாகப் பாடுகிறார்கள். ‘சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்.’

முறைமுறையாக என்பது முக்கியம். எபிரேயத்தில் அங்கே வரும் வினை ‘பதில் சொல்’ என்ற பொருளுடையது. மிரியாம் பாடும் இடத்திலும் அதே வினைதான். ஒருத்தி எடுத்துக் கொடுக்க, கூட்டம் வாங்கிப் பாடும் பாட்டு. மூலத்தில் வரி இப்படி: ஹிக்கா ஷாவூல் பஅலாஃபாவ், வெ தாவீத் பெரிவ்வோதாவ். முதல் பாதியில் மூன்று அழுத்தம், இரண்டாவதில் இரண்டு. ஆக ஐந்து. ஓடைக்கரையில் உட்கார்ந்து கண்ட நடையில் போட்டுப் பார்த்தேன், கை தானாகப் போனது. அன்று எந்தத் தாளத்தில் அடித்தார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. இது என் கையின் ஆசை மட்டும்.

இன்னொரு சங்கதி. ஆயிரம், பதினாயிரம் என்று அடுத்தடுத்து ஏற்றிச் சொல்வது அந்தக் காலக் கவிதையில் வழக்கமான அடுக்கு. ஆயிரம் என்று தொடங்கினால் அடுத்த பாதியில் பதினாயிரம் வந்தாக வேண்டும். அந்தப் பெண்கள் இருவரையும் சேர்த்தே கொண்டாடியிருக்கலாம். சவுல் காதில் அது கணக்காக விழுந்தது. அன்று முதல் தாவீதைக் காய்மகாரமாய்ப் பார்த்தான் என்கிறது கதை.

அதோடு நிற்கவில்லை. தாவீது தப்பி ஓடிக் காத் நகரத்தில் ஆகீஸ் ராஜாவிடம் போகும்போது, அங்கே இருக்கும் பெலிஸ்த ஊழியர்கள், ‘இவனைப் பற்றித்தானே அந்தப் பாட்டு?’ என்கிறார்கள். பிறகு, போருக்குக் கிளம்பும் நேரத்தில் பெலிஸ்தப் பிரபுக்கள் மறுபடியும் அதே வரியைச் சொல்லி அவனை நம்ப மறுக்கிறார்கள். ஒரே வரி, மூன்று இடம், இரண்டு நாடு. தெருவில் பறையடித்துப் பெண்கள் போட்ட பாட்டு எல்லை தாண்டி எதிரியின் அரண்மனையில் மனப்பாடமாகி இருக்கிறது. செய்தியை உண்டாக்கியவர்களும் ஊர் ஊராகக் கொண்டுபோனவர்களும் அவர்கள்தான். சவுல் இறந்தபோது தாவீது பாடும் புலம்பலில் இதற்கு மறுபக்கம் இருக்கிறது: காத்தில் சொல்லாதீர்கள், அஸ்கலோன் வீதிகளில் அறிவிக்காதீர்கள், பெலிஸ்தரின் குமாரத்திகள் மகிழ்ந்துவிடுவார்கள். அந்தப் பக்கமும் பெண்கள் பறையோடு தயாராக இருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். அஸ்தோத் பீடத்தைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அந்த வரி வேறு மாதிரி கேட்கிறது.

இஸ்ரவேல் படைத்தலைவன் யெப்தாவின் மகளையும் இன்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவள் ஊர் மிஸ்பா யோர்தானுக்கு அந்தப் பக்கம், இங்கே இல்லை. வென்று வரும் அப்பாவை வரவேற்க வழக்கப்படி துப்பீமோடு ஆடிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஜெயித்து வந்தால் வீட்டு வாசலிலிருந்து முதலில் எதிரே வருவதைப் பலி கொடுப்பதாக நேர்ந்துகொண்டு வந்திருந்தான் அவன். வெற்றி பெற்றவனை வரவேற்பது பெண்களின் வேலை, அதற்குப் பறை எடுப்பது முறை. அந்த முறையே அவளைக் கொன்றது. அவளுக்குப் பெயர்கூட எழுதப்படவில்லை. பிறகு வருடத்தில் நாலு நாள் இஸ்ரவேலின் பெண்கள் கூடி அவளை நினைத்தார்கள் என்று நியாயாதிபதிகள் 11 முடிகிறது.

வியாழன், எருசலேம்

காலையில் ஆலய மலையின் தெற்குப் படிக்கட்டுகள். யூதர்களின் இரண்டாம் ஆலயத்துக்குப் பயணிகள் ஏறிய படிகளில் சில அசல் கல்லாகவே இருக்கின்றன.

ஆலயத்துக்குள் என்ன வாத்தியங்கள் ஒலித்தன என்பதற்குப் பட்டியலே உண்டு. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுத்த யூதச் சட்டநூலான மிஷ்னாவில் எண்ணிக்கையோடு இருக்கிறது: நேவெல் 2-க்குக் குறையாமல் 6-க்கு மிகாமல், ஹலீல் 2 முதல் 12 வரை, கின்னோர் 9-க்குக் குறையக் கூடாது, எத்தனை வேண்டுமானாலும் கூடலாம், தாளம் ஒன்றே ஒன்று. தோஃப் இல்லை. விவிலியத்தின் நாளாகமத்தில், ஆலயப் பணி செய்யும் குலத்தாரான லேவியருக்கு வாத்தியம் பிரித்துக் கொடுக்கும் இடத்திலும் கின்னோர், நேவெல், தாளம்தான், தோஃப் இல்லை. இத்தனைக்கும் தாவீது கடவுளின் உடன்படிக்கைப் பெட்டகத்தைக் கொண்டு வந்தபோது ஊர்வலத்தில் துப்பீம் முழங்கின. 68-ஆம் சங்கீதத்தில் பாடகர் முன்னே, வாத்தியக்காரர் பின்னே, நடுவில் பறையடிக்கும் இளம்பெண்கள். ஊர்வலம் வாசல் வரை வரும், உள்ளே லேவியர் ஆண்கள் மட்டும். பெண்கள் வெளியே நின்றதால் அவர்களின் கருவியும் வெளியே நின்றுவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். கருவியில் குறை ஒன்றும் இல்லை. 150-ஆம் சங்கீதம் அதையும் எண்ணித்தான் துதிக்கச் சொல்கிறது.

அதே மிஷ்னாவில் ஒரு அழகான கணக்கு: செம்மறிக்கடா உயிரோடு இருக்கையில் அதற்கு ஒரு குரல், செத்த பிறகு ஏழு. கொம்பிரண்டும் ஊதுகொம்பு, கால் எலும்பிரண்டும் குழல், தோல் தோஃபுக்கு, குடல்கள் நேவெலுக்கும் கின்னோருக்கும்.

பிற்பகல் ஹின்னோம் பள்ளத்தாக்கு. இப்போது புல்வெளி, ஆட்கள் நாயோடு நடக்கிறார்கள். தீர்க்கதரிசி எரேமியா சபித்த தோப்பேத் இங்கேதான், பிள்ளைகளை நெருப்பில் போட்ட இடம். பிள்ளையின் கதறல் தகப்பன் காதில் விழாமலிருக்கப் பறை அடித்தார்கள், அதனால்தான் தோஃபிலிருந்து தோப்பேத் என்று ராஷி எழுதுகிறார். அறிஞர்கள் அந்தப் பெயரை அடுப்பு, எரியிடம் என்ற பொருளோடுதான் சேர்க்கிறார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஆனால் பறையை எதற்கெல்லாம் பயன்படுத்த முடியும் என்று யோசித்திருக்கிறார் பாருங்கள் ராஷி. அசீரியத் தலைநகர் நினிவே வீழும்போது பணிப்பெண்கள் புறாப்போல முனகி மார்பில் அடித்துக்கொள்வதைத் தீர்க்கதரிசி நாகூம் சொல்லுமிடத்தில், அடிப்பதற்கு வரும் வினையே தோஃபின் வினை. இதயத்தின் மேல் பறையடிக்கிறார்கள். விவிலியத்தில் தோஃப் முதலில் வருவது சொல்லாமல் கிளம்பிவிட்ட மருமகன் யாக்கோபிடம் மாமனார் லாபான், ‘சொல்லியிருந்தால் பாட்டும் தோஃபும் கின்னோருமாக வழியனுப்பியிருப்பேனே’ என்று குறைப்படும் இடத்தில். வழியனுப்ப, வரவேற்க, ஒப்பாரி வைக்க, எல்லாவற்றுக்கும் அதே தோல்.

வெள்ளி

மதியத்தோடு பேருந்து நின்றுவிட்டது. சபாத், யூதர்களின் ஓய்வுநாள். அறையில் உட்கார்ந்து எரேமியா 31 படித்தேன். இஸ்ரவேல் கன்னியே, திரும்பவும் உன் துப்பீமை அணிந்துகொண்டு ஆடப் புறப்படுவாய். நகையைப் போல அணிந்துகொள் என்கிறார். அசீரியாவும் பாபிலோனும் மிதித்துப்போட்ட காலத்தில், நாடு நிமிரும் என்பதற்கு அவர் காட்டும் அடையாளம் பெண் கையில் பறை.

ஞாயிறு, ரோஷ் ஹாயின்

ஏமனிலிருந்து 1949-50-இல் விமானங்களில் வந்து இறங்கிய யூதர்கள் முகாம் போட்டு, பிறகு ஊராக்கிய இடம். தெல் அவீவுக்குக் கிழக்கே. விடுதிக்காரரின் உறவில் ஒரு பாட்டி, வீட்டில் எல்லோருக்கும் சாவ்தா, எபிரேயத்தில் பாட்டி. குழந்தையாக இருந்தபோது விமானத்தில் வந்தவர்.

ஆலயம் இடிந்த துக்கத்துக்காக வாத்தியம் கூடாது என்பதை ஏமன் யூத ஆண்கள் கடுமையாகப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் பாட்டுக்குத் தகர டப்பாவைத் தட்டுவார்கள். ரோமானியத் தளபதி வெஸ்பாசியன் நடத்திய போரின்போதே கல்யாணத்தில் ‘ஏருஸ்’ என்ற பறை கூடாது என்று யூத ஆசான்களான ரபீக்கள் விதித்ததை மிஷ்னா சொல்கிறது. அதே ஏருஸின் மேல் ஒப்பாரிக்காரி உட்காருவாள் என்றும் வேறிடத்தில் வருகிறது. ஆனால் ஏமன் பெண்கள் பறையை விடவில்லை. ஆண்கள் பாட்டு ஏட்டில், பெரும்பாலும் எபிரேயத்தில். பெண்கள் பாட்டு வாயில், அரபியில், மருதாணி இரவுகளில், பறையும் ஸஹன் என்ற செப்புத் தாம்பாளமுமாக.

சாவ்தா பறையை எடுத்ததும் முதலில் அடுப்பைப் பற்றவைத்தார். தோலை நெருப்புக்கு மேலே வட்டமாகச் சுழற்றி, நடுநடுவே நடுவிரலால் சுண்டிக் கேட்டார். மந்தமாக இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கணீரென்று வந்ததும் அணைத்தார். என் கஞ்சிராவை எடுத்துக் காட்டி, நான் தண்ணீர் தடவித் தோலைத் தளர்த்துவேன் என்றேன். நம்ப மறுத்தார். செய்து காட்டினேன். தட்டிப் பார்த்துவிட்டு, ஆண் குரல் மாதிரி இருக்கிறது என்று அரபியில் சொன்னாராம்.

பிறகு பாட்டு. அவர் ஒரு வரி எடுத்துக் கொடுக்க, பக்கத்து வீட்டு அம்மாள் வாங்கிப் பாட, பேத்தி ஸஹனை விரல்நுனிகளில் தாங்கித் தட்டினாள். சாவ்தாவின் வலது கை தோல் மேல் முழுசாகப் படிந்து விழுந்தது. தாய் வீட்டை விட்டுப் போகும் பெண்ணின் பாட்டு என்று மருமகள் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாவ்தா நிறுத்திவிட்டார். பேத்தி பாதி அடி முந்திப் போகிறாளாம். அடுத்த வாரம் கல்யாணம், இந்த லட்சணத்தில் அடித்தால் மணப்பெண் ஓடித்தான் போக வேண்டும் என்று திட்டி, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.